இலைப்படைக்கு ஆள் எடுத்த கதை

காட்டோரத் தாமரைக் குளத்தில் ஓர் உடும்பு நீந்தக் கற்றுக்கொண்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அதுவரை அது கரையோடு நின்றுகொண்டிருந்த பிராணிதான். குளத்துப் பறவைகளின் கூடுகளை ஏக்கமாகப் பார்க்கும். நாக்கை நீட்டும், இழுத்துக்கொள்ளும், போய்விடும். பறவைகளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்தது. கரையில் இரை குறைந்தது. பசி தாங்காமல் உடும்பு ஒருநாள் தண்ணீரில் இறங்கியது. முதலில் தத்தளித்தது. பிறகு வாலை அடித்துப் பார்த்தது. வால் துடுப்பு மாதிரி வேலை செய்தது. அவ்வளவுதான், குளமே அதற்குச் சாப்பாட்டுத் தட்டு ஆகிவிட்டது.

முதலில் வாத்தின் கூடு காலியானது. அடுத்தது கோரைப்புல்லுக்குள் இருந்த தாழைக்கோழியின் கூடு. குளத்தின் நடுவே தாமரை இலைகள் நெருக்கமாகப் படர்ந்திருந்த இடத்தில் கூடு கட்டியவர்கள் மட்டும் இன்னும் தப்பித்திருந்தார்கள். உடும்பு அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியது.

பறவைகள் கூட்டம் போட்டன. படை ஒன்று அமைப்பது என்று முடிவாயிற்று. தளபதி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாமக்கோழிச் சேவல் ஒருவர் அங்கே இருந்தார். கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. அதனால் அவருக்கு வெண்ணெற்றியார் என்று பெயர். தைரியசாலி. பருந்தையே நேருக்கு நேர் பார்த்துத் தண்ணீரை வாரி இறைத்தவர். நேர்மையானவரும்கூட. ஒரே குறை, ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ள அவருக்கு வராது.

வெண்ணெற்றியார் படையை மூன்றாகப் பிரித்தார். கரையில் நின்று உடும்பு வருவதைக் கூவிச் சொல்வது கரைக்காவல். திறந்த நீரில் சிறகடித்து அதைக் குழப்புவது நீர்ப்படை. இரண்டையும் தாண்டி அது வந்துவிட்டால், தாமரை இலைகளின் மேல் ஓடி அதை மறிப்பது இலைப்படை. மூன்றிலும் ஆபத்தானது கடைசி வேலைதான். உடும்பின் வாய்க்கும் இலைப்படை வீரனுக்கும் நடுவில் ஓர் இலை அகலம்தான் இருக்கும்.

கடைசியாக அவர் ஒரு சட்டமும் சொன்னார். இலைப்படையில் சேவல்கள் மட்டும்தான். பெட்டைகள் வேண்டுமானால் கரைக்காவலில் நிற்கலாம், படைக்குப் பாசியும் பூச்சியும் கொண்டுவந்து கொடுக்கலாம்.

இதைக் கேட்டதும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவள் கழுத்தை நிமிர்த்தினாள். அவள் ஓர் இலைக்கோழி. பெயர் மிதவை.

இலைக்கோழிகளைப் பார்த்திருப்பீர்கள். கால்விரல்கள் குச்சி குச்சியாக அவ்வளவு நீளம். அதனால் உடம்பின் பாரம் பரவி, தாமரை இலை அமிழாமல் தாங்கும். மற்ற பறவைகள் நீந்தும் இடத்தில் இவை நடக்கும், ஓடும். இலைக்கோழிகளில் பெட்டைதான் உருவத்தில் பெரியது. சண்டைக்கு முன்னால் நிற்பதும் அவள்தான். முட்டையிட்டதும் அவள் எல்லையைக் காக்கப் போய்விடுவாள். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் சேவலின் பொறுப்பு. அந்தக் குளத்தில் இருந்த இலைக்கோழிகள் இரண்டே பேர்: மிதவை, அவள் துணை பதுங்கன். அவர்களுடைய இலைக்கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. கூட்டம் நடந்த நேரத்திலும் பதுங்கன் அவற்றின் மேல்தான் படுத்திருந்தான்.

மிதவை தளபதியிடம் போய், இலைப்படைக்குத் தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் மரியாதையாகவே மறுத்தார். இந்தக் கூட்டத்தில் தன்னைவிட வேகமாக இலைமேல் ஓடும் சேவல் ஒருவனைக் காட்டுங்கள் என்றாள் அவள். வேகம் இல்லை விஷயம் என்றார் அவர். பிறகு எதுதான் விஷயம் என்று அவள் விடாமல் கேட்கவே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒரு சேவல் செத்தால் ஒரு பறவைதான் போகும் அம்மா. ஒரு பெட்டை செத்தால் அவள் இனிமேல் இடப்போகும் முட்டைகளும் சேர்ந்து போய்விடும். குளத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக் குளத்தையே காலி செய்ய முடியுமா?"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். மிதவையும் சற்று யோசித்தாள். ஒதுக்கித் தள்ளக்கூடிய பேச்சு இல்லை அது. ஆனால் தன் வீட்டு நிலைமையை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கள் சொல்வது சரியென்றே வைத்துக்கொள்வோம்" என்றாள். "எங்கள் வீட்டில் அடைகாப்பது அவன். அவன் செத்தால் இப்போது கூட்டில் இருக்கிற முட்டைகள் அத்தனையும் போய்விடும். அப்படியானால் எங்கள் இரண்டு பேரில் யாரை அனுப்பக்கூடாது?"

எங்கிருந்தோ ஒரு தவளை பக்கென்று சிரித்தது. வெண்ணெற்றியார் நெற்றியைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு வழக்கம் வேறாக இருக்கும், அதற்கெல்லாம் தனித்தனிச் சட்டம் போட முடியாது என்றார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சேவல் வந்தாக வேண்டும், இலைமேல் நடக்கத் தெரிந்த சேவல் என்றால் அவன் இலைப்படைக்குத்தான் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

மிதவை போகவில்லை. எல்லாரும் போகும்வரை நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்த வெண்ணெற்றியார் அவள் பக்கமாக நீந்தி வந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"போன வருஷம் என் துணை பருந்தை விரட்டப் போனாள். திரும்பி வரவில்லை."

மிதவை கேட்டாள். "அன்றைக்கு நீங்கள் தடுத்திருந்தால் நின்றிருப்பாளா?"

"நிற்கமாட்டாள்" என்றார் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை.

செய்தி கேட்டதும் பதுங்கன் ஆடிப்போனான். சண்டையென்றால் அவனுக்குப் பயம் என்று சொல்லிவிட முடியாது. சண்டை என்பது அவன் எண்ணத்திலேயே இல்லாத ஒன்று. அவன் நினைப்பெல்லாம் முட்டைகளின் மேல். எந்த முட்டையின் எந்தப் பக்கம் சூடு குறைகிறது, எதை எப்போது திருப்ப வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஆனாலும் சட்டத்தை மீறினால் இலைப்படுகையில் இருக்கும் தங்கள் கூட்டுக்குப் படையின் காவல் கிடைக்காது. வேறு வழியில்லாமல் கிளம்பினான்.

கிளம்புமுன் மிதவைக்குப் பாடம் நடத்தினான். ஈர இலைமேல் முட்டை நேராகப் படக்கூடாது, சிறகை முட்டைக்கு அடியில் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்றான். வெயில் ஏறினால் கொஞ்சம் எழுந்து நிழல் கொடு, ஆனால் நகராதே என்றான். தும்பி பறந்தால் பார்க்காதே என்றான். மிதவை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அவன் நான்கு இலை தள்ளிப் போய்விட்டு, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் ஒரு தும்பி பறந்தது. மிதவை எழுந்து பார்த்தாள். கோரைப்புல் அசைந்தது. எழுந்து பார்த்தாள். யாரோ தண்ணீரில் குதித்தார்கள். அதையும் எழுந்து பார்த்தாள். சிறகை முட்டைக்கு அடியில் கொடுக்கப் போனால் ஒரு முட்டை உள்ளே வந்தது, மற்றொன்று வெளியே உருண்டது. அதை இழுத்தால் முதலாவது வெளியே போனது.

பக்கத்தில் மிதந்த ஒரு கூட்டில் குமிழி என்ற முக்குளிப்பான் பெட்டை குடியிருந்தாள். உருண்டையாக, சின்னதாக இருப்பாள். தண்ணீருக்குள் மூழ்கினால் எங்கே எழுவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளும் இலைப்படையில் சேரக் கேட்டு, முடியாது என்ற பதில் வாங்கியவள்தான். அவள் வெகுநேரம் இதை வேடிக்கை பார்த்தாள்.

"முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாயா, முள்மேல் உட்கார்ந்திருக்கிறாயா?" என்றாள்.

"இதற்கு உடும்பே தேவலை" என்றாள் மிதவை.

அங்கே பயிற்சிக் களத்தில் பதுங்கனின் பாடு இதைவிட மோசம். வெண்ணெற்றியார் ஒரு மரக்கட்டையை மிதக்கவிட்டு, இதுதான் உடும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டையை இலைகளுக்கு நடுவே தள்ளினார். இலைப்படை பாய வேண்டும். தாழைக்கோழிச் சேவல் பாய்ந்தான். மெதுவாக நடந்தபோது தாங்கிய இலை, ஓடியதும் கிழிந்துவிட்டது. அவன் கழுத்துவரை உள்ளே போனான். இளவட்ட வாத்து ஒருவன் முதல் இலையிலேயே வழுக்கினான். பதுங்கனை மட்டும் காணவில்லை.

"எங்கே போனான் அவன்?" என்று கேட்டார் தளபதி.

"இங்கேதான் ஐயா இருக்கிறேன்" என்று அவருக்கு முன்னால் இருந்த இலையிலிருந்து குரல் வந்தது. பதுங்கன் இலையோடு இலையாக ஒட்டிப்போய்ப் படுத்திருந்தான். முதுகின் பழுப்பு நிறமும் காய்ந்த இலையின் நிறமும் ஒன்றாக இருந்தன. ஆபத்து என்றதும் அவன் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுமுறை கட்டையைத் தள்ளியபோது எப்படியோ ஓடினான். ஆனால் கட்டையை நோக்கி ஓடவில்லை. வழியில் இருந்த ஒரு தாமரை மொட்டைக் குஞ்சு என்று நினைத்துச் சிறகிடுக்கில் அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். களமே சிரித்தது. பதுங்கன் மொட்டை இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்காதவர் வெண்ணெற்றியார் மட்டும்தான். பதுங்குவதில் இவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் தமக்கு வேண்டியது பாய்கிற ஆள் என்று அவருக்குப் புரிந்தது. இருந்தாலும் இலைப்படைக்கு வந்த சேவல்களில் அமிழாமல் நிற்பவன் அவன் ஒருவன்தான். சட்டத்தை வைத்துக்கொண்டு அவரால் வேறு யாரைத் தேட முடியும்? வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு சாயங்காலமும் பதுங்கன் களைத்துப்போய்க் கூட்டுக்கு வருவான். சில்லிட்டுக் கிடக்கும் முட்டைகளை அணைத்துக்கொள்வான். மிதவை இலையின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருவருக்கும் வெட்கமாக இருந்தது. தங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையை விட்டுவிட்டு, தெரியாத வேலையில் அசடு வழிந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் கரையிலிருந்து மடையான் கொக்கு கூவியது. உடும்பு இறங்கிவிட்டது.

நீர்ப்படை தயாராக இருந்தது. சிறகால் அடித்து அடித்துத் தண்ணீரை நுரையாக்கினார்கள். உடும்பு கொஞ்சம் தயங்கியது, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் மூழ்கியது. எழுந்தபோது தாமரை இலைகளின் ஓரத்தில் இருந்தது. தாழைக்கோழிச் சேவல் பயமில்லாமல் ஓடினான், இலை கிழிந்து உள்ளே போனான். வாத்தும் போனான். பதுங்கன் படுத்துவிட்டான். உடும்பு அவனைப் பார்க்காமலே அவன் பக்கத்தில் நீந்திப் போயிற்று.

வெண்ணெற்றியார் பொறுக்கமாட்டாமல் தாமே இலைப்படுகைக்குள் பாய்ந்தார். அவர் நீந்துகிறவர், நடக்கிறவர் இல்லை. தண்ணீருக்குள் தாமரைத் தண்டுகள் கயிறு கயிறாகக் கிடந்தன. இரண்டு உதை உதைப்பதற்குள் கால்கள் சிக்கிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு, உடும்பு கூடுகளை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உடும்பின் வால் எழுப்பிய அலையில் இலைகள் ஏறி இறங்கின. மிதவையின் கூடும் சாய்ந்தது. பதுங்கனாக இருந்தால் நான்கையும் சிறகில் அள்ளி நெஞ்சோடு வைத்திருப்பான். மிதவை மூன்றைப் பிடித்தாள். நான்காவது இலையின் விளிம்புவரை உருண்டு போயிற்று. எட்டி மூக்கால் இழுக்கப் பார்த்தாள். அது தண்ணீரில் விழுந்து மறைந்தது. சின்னச் சத்தம்தான் கேட்டது.

மிதவை எதிரே பார்த்தாள். உடும்பு வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்தால் அடுத்த அலையில் மற்ற மூன்றும் போய்விடும். எழாவிட்டால் உடும்பின் வாய்க்குப் போய்விடும். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் கால் ஓடவில்லை.

அப்போது இலைகளின் மேல் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பதுங்கன். எந்தப் பயிற்சியிலும் ஓடாத வேகத்தில், உடும்பின் மூக்குக்கு முன்னாலேயே குறுக்கே ஓடிவந்தான். அவன் முட்டை விழுந்ததைப் பார்த்துவிட்டான்.

"எழுந்திரு மிதவை" என்றான். "இது என் இடம். நீ போ."

அவள் எழுந்த இடத்தில் அவன் படுத்தான். சிறகுகள் இரண்டும் முட்டைகளுக்கு அடியில் போயின. உடம்பு இலையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த அலை வந்தது, கூடு சாய்ந்தது, ஒரு முட்டைகூட அசையவில்லை. இரண்டு இலை தள்ளி நின்று பார்த்தால் அங்கே ஒரு கூடு இருப்பதே தெரியாது.

மிதவை போனாள்.

முதல் கொத்து உடும்பின் கண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தது. உடும்பு திரும்பிக் கடித்தபோது அவள் மூன்று இலை தள்ளி நின்றாள். அது அந்தப் பக்கம் வந்தது. அவள் அதன் முதுகுக்குப் பின்னால் போய் வாலைக் கொத்தினாள். அது வாலை வீசியது. இலை கிழிந்தது, அவள் ஏற்கெனவே அடுத்த இலையில் இருந்தாள். உடும்புக்குக் கோபம் வந்துவிட்டது. முட்டையை மறந்து அவளைத் துரத்த ஆரம்பித்தது. அவள் வேண்டுமென்றே நொண்டினாள், ஒரு சிறகைத் தொங்கப் போட்டாள். இதோ பிடித்துவிடுவோம் என்று உடும்பு நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனாள். அப்படியே அதைத் தண்டுகள் மிக நெருக்கமாக இருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இடமும் வலமுமாக ஓடி அதைச் சுற்றவிட்டாள்.

உடும்பின் காலில் ஒரு தண்டு சுற்றியது, வாலில் இரண்டு. அது ஒருமுறை எம்பிப் பாய்ந்தது. அதன் நகம் மிதவையின் சிறகில் பட்டு ரத்தம் வந்தது. அவள் நிற்கவில்லை.

இதற்கிடையே குமிழி, படையில் இல்லாத குமிழி, தண்ணீருக்கு அடியில் போய் வெண்ணெற்றியாரின் காலைச் சுற்றியிருந்த தண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்து இழுத்துவிட்டாள். அவர் விடுபட்டதும் நீர்ப்படையைக் கூப்பிட்டார். நாலாபக்கமும் சிறகடி, நுரை, கூச்சல். நடுவில் மிதவையின் கொத்து. உடும்புக்கு மூச்சு வாங்கியது. தண்டுகளைப் பிய்த்துக்கொண்டு, வந்த வழியைத் தேடி, எப்படியோ கரையேறியது. கொஞ்ச நேரம் சேற்றிலேயே படுத்துக் கிடந்துவிட்டுப் புதருக்குள் போய் மறைந்தது.

குளத்தில் கொண்டாட்டம். இலைக்கோழிகளின் கூட்டில் மட்டும் அது இல்லை. பதுங்கன் மூன்று முட்டைகளையும் மிதவையிடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இலைகளுக்கு நடுவே தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஆழம், கலங்கியிருந்தது.

வெண்ணெற்றியார் நீந்தி வந்தார். நெற்றியில் பாசி ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. பதுங்கன் அவரைக் குறை சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"நான் படுத்திருந்தால் அது விழுந்திருக்காது ஐயா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வெண்ணெற்றியார் மிதவையின் சிறகில் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"இதற்குத்தான் பயந்தேன்" என்றார். "இப்போதும் பயம் போகவில்லை."

"எனக்கும் போகவில்லை" என்றாள் மிதவை. "பயமில்லாதவர்களாகப் பார்த்தா நீங்கள் படையில் சேர்த்தீர்கள்?"

மறுநாள் காலையில் அவர் மறுபடி கூட்டம் கூட்டினார். சொன்னதை மாற்றிப் பழக்கமில்லாதவர் ஆனதால் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினார். தாம் போட்ட சட்டம் தவறு என்றார். அதனால் ஒரு முட்டை போயிற்று, அந்தப் பொறுப்பு தம்முடையது என்றார். இனி இலைப்படைக்கு ஒரு பரீட்சை உண்டு. இலைகளின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அமிழாமல் ஓட வேண்டும், வழியில் மிதக்கும் கட்டையைக் கொத்திவிட்டு அது திரும்புவதற்குள் விலக வேண்டும். யார் செய்தாலும் சேர்த்துக்கொள்வேன், செய்ய முடியாதவர் யாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்றார்.

மிதவை சிறகு ஆறியதும் ஓடிக் காட்டினாள். தாழைக்கோழிகளில் ஒல்லியான பெட்டை ஒருத்தியும் யாரும் எதிர்பாராமல் ஓடி முடித்தாள். அதுவரை நீர்ப்படையில் இருந்த மெலிந்த சேவல் ஒருவனும் முடித்தான். கொழுத்த சேவல்கள் பலர் பாதியில் முங்கினார்கள்.

குமிழியும் வந்தாள். முக்குளிப்பானுக்குக் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கும். நீந்த அற்புதம், நடக்க ஆகாது. முதல் இலையில் ஏறியதும் முகம் குப்புற விழுந்தாள். எழுந்து இரண்டாவது முறை விழுந்தாள். தளபதியைக் காப்பாற்றியவள் அல்லவா, அவளுக்கு மட்டும் பரீட்சையைக் கொஞ்சம் சுலபமாக்கலாமே என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். வெண்ணெற்றியாரும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள் குமிழி, வாயிலிருந்த பாசியைத் துப்பிவிட்டு. "எனக்காக உடும்பு மெதுவாக வருமா?"

அவளே வேறொன்று கேட்டாள். உடும்பு மூழ்கினால் அது எங்கே போகிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நீருக்கு அடியில் போய் அதைத் தொடர ஓர் ஆள் வேண்டாமா என்றாள். அப்படி ஒரு வேலை இருப்பதே அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அதற்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். அதில் அவளை யாராலும் நெருங்க முடியவில்லை.

பதுங்கன் பரீட்சைக்கே வரவில்லை. கூட்டில் படுத்திருந்தான். சேவலாகப் பிறந்தவன் முட்டைமேல் படுத்துக்கொண்டிருக்கிறானே என்று இளவட்ட வாத்து ஒருவன் கேலி பேசினான். வெண்ணெற்றியார் அவனைக் கூப்பிட்டார். அன்றைய அலையில் மூன்று முட்டைகளை அசையாமல் பிடித்துப் படுத்துக்கொள்ள உன்னால் முடியுமா, வந்து காட்டு என்றார். வாத்து சத்தமில்லாமல் நழுவினான். அதன்பிறகு இரண்டொரு சேவல்கள் யாரும் பார்க்காத நேரத்தில் பதுங்கனிடம் வந்து, சிறகை அடியில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

உடும்பு இன்னும் ஒரே ஒரு தடவை வந்தது. மூழ்கியது. அது எழப்போகும் இடத்தைக் குமிழி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டாள். எழுந்தபோது மூக்குக்கு எதிரே மிதவையும் பரீட்சையில் தேறிய மற்ற இருவரும் நின்றிருந்தார்கள். உடும்பு அவர்களைப் பார்த்தது. தண்டுகளையும் பார்த்தது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிக் கரைக்குப் போய், நண்டு தேட ஆரம்பித்தது.

சில நாள் கழித்து மழை இறங்கியது. மூன்று முட்டைகளும் பொரிந்தன. மழை கனக்கும்போதெல்லாம் பதுங்கன் குஞ்சுகளைச் சிறகிடுக்கில் அள்ளிக்கொண்டு நடப்பான். குஞ்சுகளின் நீளக் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எட்டுக் கால் பறவை ஒன்று தாமரை இலைமேல் உலாவுவதுபோல் தெரியும். அவர்களுக்கு அப்பால், இலைகள் முடியும் ஓரத்தில், மிதவை கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருப்பாள்.

ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த வேலையைச் செய்யும் திறமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்த்துக் கதவை அடைப்பவர்கள், எதைக் காப்பாற்ற நினைத்தார்களோ அதையே இழப்பார்கள்.